கண்டக்குழியின் மூடிக் குவளை

ஜெமீல் முதலாளி அலுமாரியைத் திறந்தபோது மணி ஒன்று நாற்பது. உள்ளே பச்சைத் துணி விரித்தபடியே இருந்தது. துணியின் நடுவே வட்டமாக ஒரு பள்ளம். காலைவரை அந்தப் பள்ளத்தில் நின்ற குவளை இல்லை.

2014 மார்ச் 14, வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. குவளையை வாங்க மறுநாள் கொழும்பிலிருந்து ஆள் வருகிறது. ஒருமுறை துடைத்து வைக்கலாம் என்றுதான் தன் விடுதியின் மேல்மாடிக்கு ஏறியிருந்தார். அறைக் கதவு பூட்டியிருந்தது. அலுமாரியும் பூட்டியிருந்தது. இரண்டு சாவிகளும் அவருடைய இடுப்பு வாரில் இருந்தன.

அவர் அந்தப் பள்ளத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு யன்னலைத் திறந்து கீழே பார்த்து, "ஸாஜிதா, மேல வா" என்றார்.

பிற்பகல் 1.55.

மபாஸா முச்சக்கர வண்டியில் வந்து இறங்கியபோது விடுதியின் எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன. உல்லாசப் பயணிகள் வரும் காற்றுக் காலம் தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. விருந்தாளிகள் யாரும் இல்லை.

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. பழம்பொருட்களை அளந்து, வரைந்து, குறிப்பெழுதி வைப்பது தொழில். குவளையை வாங்க இருந்தவர்தான் அவளை முன்கூட்டி அனுப்பியிருந்தார். வியாழன் பகல் முழுவதும் அந்த ஒரு பாத்திரத்தோடு இருந்தாள். வரைபடத்தைப் பிரதி எடுக்க இன்று பதினொன்றரைக்குக் கற்பிட்டிக்குப் போயிருந்தாள்.

"மிஸ், சாமான் இல்ல" என்றார் ஜெமீல்.

"எந்தச் சாமான்?"

"வேற எது? குவளதான்."

அவள் தோள்பையை இறக்கி வைத்தாள். மனதில் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு, பத்து வயதில், யாழ்ப்பாணத்து வீட்டை ஒரு பையோடு விட்டு வந்தவள். அதற்குப் பிறகு ஒரு பொருள் காணாமற் போவது அவளுக்கு ஒரு செய்தி, அவ்வளவுதான். அளவுகள் மட்டும் நினைவில் வந்தன. உயரம் இருபத்தாறு சென்ரிமீற்றர். எடை ஒரு கிலோ எண்ணூறு கிராம்.

அது பியூட்டர். வெள்ளீயத்தோடு கொஞ்சம் செம்பும் வேறு சிலதும் சேர்த்து உருக்கி வார்க்கும் உலோகம். வெள்ளியைப் போலக் கண்ணைக் கூசவைக்காது. மழைக்கு முன் களப்புத் தண்ணீருக்கு வருமே, அந்த நிறம். ஒல்லாந்தர் காலத்துக் குடிகலம் அது. கழுத்தில் ஒடுங்கி, இடுப்பில் மெல்லப் பருத்து, அடியில் அகன்று நின்றது. கப்பல் ஆடினாலும் சாயாதிருக்க அந்த அகலம். மூடி இதய வடிவம். பெருவிரலால் அழுத்தித் திறப்பதற்கு மூடியின் ஓரத்தில் இரண்டு சிறு கொட்டைகள் ஒட்டி நின்றதுபோல ஒரு பிடி. பூவில்லை, கொடியில்லை, எழுத்தில்லை. செய்தவன் தன் திறமை முழுவதையும் ஒரு வளைவில் போட்டிருந்தான். கைபிடியைப் பற்றினால் விரல்கள் தாமாகவே சரியான இடத்துக்குப் போயின.

உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தபோது, கைபிடி பொருந்தும் இடத்துக்கு நேர் பின்னால் ஒரு துணியின் நெசவு பதிந்திருந்தது. கைபிடியை உருக்கி ஒட்டும்போது குவளையின் உடல் இளகும். அது குழிந்துவிடாதிருக்க, மணல் நிரப்பிய துணிப்பையை உள்ளே வைத்து அழுத்திப் பிடிப்பார்கள். முந்நூறு வருடங்களுக்கு முன் யாரோ ஒருவன் பிடித்த துணி. இழைகளை எண்ணக்கூடியதாக இருந்தது. அவள் எண்ணினாள்.

இன்னொன்றும் கண்டாள். மூடியின் கீல் இடுக்கில் வெள்ளையாக ஒரு துணுக்கு. ஊசியால் நெம்பி எடுத்துப் பார்த்தாள். கடற்புழு கட்டும் சுண்ணாம்புக் குழல். அதைச் சிறு பொலித்தீன் உறையில் இட்டுக் குறிப்பெழுதினாள். யாரிடமும் சொல்லவில்லை. குவளை தன்னுடைய வாப்பாவின் வாப்பா காலத்துச் சாமான் என்று ஜெமீல் சொல்லியிருந்தார்.

வியாழன் மாலையில், முற்றத்து வெளிச்சத்தில் அதை ஜெமீலிடம் திருப்பிக் கொடுத்தபோது, "அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டு போகாதீங்க" என்று சொன்னது நினைவிருந்தது. "இது இரும்பு மாதிரி இல்ல. சின்னச் சூட்டுக்கே உருகிடும்."

பிற்பகல் 2.25.

உப பொலிஸ் பரிசோதகர் சியாம் இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்தார். மெலிந்த மனிதர். சத்தமாகப் பேசுவதில்லை.

முதலில் வாசலுக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருக்கும் நிக்கொலஸைக் கேட்டார்.

"பன்னிரண்டு பத்துக்கு முதலாளியும் படகோட்டி இன்சாபும் மோட்டர் சைக்கிள்ல போனாங்க சேர். ரெண்டு பேர்ட கையிலயும் ஒண்டுமில்ல. ஒண்டரைக்குத் திரும்பி வந்தாங்க. நடுவில ஒரு காக்காயும் உள்ளுக்குப் போகல்ல, வெளிய வரல்ல."

"நீங்க கடைய விட்டு எழும்பலயா?"

"வெள்ளிக்கிழம நான் மட்டும்தானே கடை திறக்கிறது. எங்க எழும்புற?"

மற்ற மூன்று பக்கமும் முள்வேலி. வேலிக்கு அப்பால் களப்புச் சேறு. சேற்றில் கொக்கின் கால்தடம் தவிர வேறு தடம் இல்லை.

அடுத்து ஸாஜிதா. விடுதியைப் பார்த்துக்கொள்பவள். முசலியிலிருந்து தொண்ணூறில் துரத்தப்பட்ட குடும்பம். பாலாவிப் பக்கத்து முகாமில் வளர்ந்தவள். இரண்டு வருடங்களுக்கு முன் கணவன் அம்ஜத் இறந்தபின் தம்பி இன்சாபோடு இங்கே தங்கியிருந்தாள்.

"வேற சாவி இரிக்கா?"

"குசினிக் கதவுக்குப் பின்னால ஆணில தொங்குது சேர்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும்."

"ஜும்ஆ நேரம் எங்க இருந்தீங்க?"

"பின் அறையில. லுஹர் தொழுதன். பிறகு சாஞ்சிருந்தன்."

"மேல போனீங்களா?"

"இல்ல."

"வீட்டில வேற யாரு?"

"வலை பொத்துற மஸாஹிர் நானா முத்தத்தில. அவருக்குப் படி ஏற ஏலாது."

"அப்ப மிச்சம் நீங்க மட்டும்தான்."

"ஓம் சேர்."

அடுப்பில் சோறு இருக்கிறதா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல அந்த 'ஓம்' வந்தது.

ஸாஜிதாவின் தம்பி இன்சாபுக்கு இருபத்தாறு வயது. முதலாளியின் படகை ஓட்டுபவன். பள்ளிவாசல் தொழுகை வரிசையில் முதலாளிக்குப் பக்கத்தில் நின்றதாகச் சொன்னான். காலையில் கற்பிட்டிக்குப் போய் முழுகுகிற சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பி வந்தானாம்.

"எதுக்கு?"

"ஞாயிறு கடலுக்கு எறங்க இரிக்கு. முதல் தரம்."

"சங்குக்குத்தான் சேர்" என்று ஜெமீல் குறுக்கே சொன்னார்.

மபாஸாவிடம் சியாம், "நீங்க வெளிய போகக்குள்ள முத்தத்தில என்ன கண்டீங்க மிஸ்?" என்று கேட்டார்.

"மஸாஹிர் நானா கிணத்தடியில தொழுகைக்கு வுழூ செய்துகொண்டிருந்தார். கால் ரெண்டையும் தேய்ச்சுக் கழுவினார். ஈயம் காய்ச்சுற சட்டிய அடுப்புக்கல்லு மேல கவிழ்த்து வெச்சிருந்தது."

கடைசியாக மஸாஹிர். நாற்பத்தொரு வயது. முன்பு சங்கு முழுகியவர். இப்போது இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இரண்டு தடிகளை ஊன்றி முற்றத்துக்குள் நாலு எட்டு நகர்வார். மற்றபடி கதிரைதான். முதலாளியின் வலைகளைப் பொத்துவதும், ஈயத்தை உருக்கி அடிக்கயிற்றுக்குக் குண்டு வார்ப்பதும் வேலை. இப்போதும் மடியில் வலை கிடந்தது. வார்த்த குண்டுகளை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு நெருப்பு மூட்டினீங்களா?"

"காலைல. பத்துக்கெல்லாம் முடிஞ்சு. பிறகு மூட்டல்ல."

"யாரும் படியேறினாங்களா?"

"இங்க இருந்து படி தெரியாது சேர்."

மபாஸா சியாமுக்குப் பின்னால் நின்றாள். மஸாஹிரின் வலப் பாதத்தின் மேற்புறத்தில் ஒரு ரூபாக் காசளவு தோல் வெளுத்து, ஓரம் சிவந்து, ஈரமாக இருந்தது. இரண்டு ஈக்கள் அதில் உட்கார்ந்திருந்தன. அவர் அவற்றைத் துரத்தவில்லை.

பிற்பகல் 3.20.

கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தாயிற்று. தண்ணீர்த் தாங்கி, கூரை, மா டின், படகு, மெத்தைகள், முற்றத்து மணல். குவளை இல்லை. ஒரு பெரிய செம்பளவு பாத்திரம், ஒளித்து வைக்கக்கூடிய பொருளே அல்ல.

"பொம்புளப் பொலிஸ் ஒராளுக்குச் சொல்லியிருக்கேன்" என்றார் சியாம். "வந்ததும் ஸாஜிதாவக் கூட்டிட்டுப் போகணும். வேற வழி எனக்குத் தெரியல்ல."

ஸாஜிதா குசினி வாசலில் நின்று கேட்டாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். இன்சாப் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எனக்கு அரை மணித்தியாலம் தாங்க" என்றாள் மபாஸா.

அவள் வீட்டுக்குள் போய்ப் படிக்கட்டின் முன் குந்தினாள். பதினான்கு படிகள். வெறுங்காலோடு நடக்கும் கடற்கரை வீடு. படிகளில் மணல் இல்லாமல் இராது. இருந்தது. ஆனால் ஒவ்வொரு படியிலும் இரண்டு ஓரங்களில் மட்டும் இருந்தது. நடுவில் இரண்டடி அகலத்துக்கு மணல் துடைபட்டிருந்தது. அந்தச் சுத்தத்தின் மேல் ஜெமீலின் வெறுங்கால் தடங்களும் பொலிஸாரின் சப்பாத்துத் தடங்களும் பதிந்திருந்தன.

"ராத்தா, படிய எப்ப கூட்டினீங்க?"

"நேத்துப் பின்னேரம் அஸர் தொழுத பிறகு" என்றாள் ஸாஜிதா. "இண்டைக்கு இன்னும் கூட்டல்ல."

"கூட்டினா சுவர்ல இருந்து சுவருக்குத்தானே?"

ஸாஜிதா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பார்வையைத் தாழ்த்தினாள்.

மபாஸா தெருவைக் கடந்து நிக்கொலஸின் கடைக்குப் போனாள். மஸாஹிருக்கு எப்போது கால் போனது என்று கேட்டாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி மிஸ். அம்ஜத் குளிக்கப் போய்க் கடல்ல செத்த அண்டுதான். ஒரே நாள். அதப்பத்தி அந்த வீட்டில யாரும் கதைக்க மாட்டாங்க."

அவள் திரும்பி வந்து மஸாஹிரின் கதிரைக்கு அருகே மணலில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள்.

"நானா, அந்தக் குண்டுகளக் கொஞ்சம் தாங்க."

மஸாஹிரின் கை நின்றது. பிறகு வலையை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

பிற்பகல் 3.50.

முற்றத்தில் எல்லோரும் நின்றார்கள். தாளில் கறுப்பு இழுவைகள் பென்சிலால் கீறியதுபோல வரிசையாக இருந்தன. மபாஸா ஒரு குண்டை எடுத்துத் தாளில் இழுத்தாள். கறுப்புக் கோடு விழுந்தது. இன்னொன்றை எடுத்து அதேபோல அழுத்தி இழுத்தாள். கோடு விழவில்லை.

"ஈயம் தாளில எழுதும். நல்ல பியூட்டர் எழுதாது" என்றாள். "ரெண்டையும் கையில வெச்சுப் பாருங்க சேர். ஒரே அச்சு, ஒரே அளவு. ஆனா எழுதாத குண்டு பாரம் குறைவு. அப்படி முப்பத்தைந்து குண்டு இரிக்கு. ஒண்டு அம்பது கிராம் வரும். எல்லாம் சேர்த்தா ஒரு கிலோ எழுநூற்றம்பது. குவளை ஒரு கிலோ எண்ணூறு. மிச்சம் கசடாப் போயிருக்கும்."

சியாம் இரண்டு குண்டுகளையும் இரண்டு உள்ளங்கைகளில் வைத்துப் பார்த்தார்.

"குவளை வீட்டை விட்டு வெளிய போகல்ல. நாங்க தேடத் தொடங்கினதில இருந்து எங்கட கண்ணுக்கு முன்னாலதான் கிடக்குது."

"உருக்கினது யாரு?" சியாமின் பார்வை ஸாஜிதாவிடம் போனது.

"மஸாஹிர் நானா."

"பைத்தியமா மிஸ்?" என்றார் ஜெமீல். "அந்தாளுக்கு ஒரு படி ஏற ஏலாது!"

"காலால ஏற ஏலாது. உக்காந்து ஏறலாம். படிக்கு முதுகைக் காட்டி, கைய ஊண்டி, ஒவ்வொரு படியா. படிக்கட்டுல நடுவில மட்டும் மணல் இல்ல. கூட்டுமாறால கூட்டினா ஓரத்து மணலும் போயிருக்கும். அத துடைச்சது கூட்டுமாறில்ல, அவர் உடுத்திருக்கிற சாரம். போகயில ஒருக்கா, வரயில ஒருக்கா. குசினி ஆணிச் சாவியால திறந்து, திரும்பப் பூட்டி, குவளையத் தோளில கட்டியிருப்பார்."

மபாஸா மஸாஹிர் பக்கம் திரும்பினாள்.

"பத்துக்குப் பிறகு நெருப்பு மூட்டல்ல எண்டு சொன்னார். பதினொன்றரைக்கு அவர் கால் கழுவக்குள்ள நான் பார்த்தேன். பாதத்தில ஒரு காயமும் இல்ல. நானா, உங்கட வலது காலப் பாருங்க."

மஸாஹிர் குனிந்து பார்த்தார். ஈக்கள் எழுந்து மறுபடி உட்கார்ந்தன. அது வேறு யாருடையவோ கால் என்பதுபோல நெடுநேரம் பார்த்தார்.

"இது எப்ப?" என்று கேட்டார்.

"உருகினது தெறிச்சிருக்கு. வேற யாருக்கும் எண்டா சூட்டில துள்ளி, எண்ணெய் பூசி, துணியால மூடியிருப்பாங்க. உங்களுக்கு மறைக்க ஒரு காயம் இருந்ததே தெரியாது."

அவர் மடியிலிருந்த வலையை மெல்ல இறக்கி வைத்தார்.

"ஓம். நான்தான்."

"ஏன்?" என்று சியாம் கேட்டார்.

"குவளயக் கடலுக்கடியில கண்டது அம்ஜத். சங்குக்கு முழுகக்குள்ள. பழைய கப்பல் ஒண்டு. முதலாளி கண்டதும் ஆச வந்திட்டுது. இன்னும் இரிக்கும், இறங்குங்க எண்டார். ஒரே நாளில நாலு தரம் எறங்கினம். அவ்வளவு ஆழத்தில நாலு தரம் எறங்கக் கூடாது சேர், காத்து ரத்தத்தில குமிழியாகி ஆளக் கொல்லும், எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நாலாவது தரம் மேல வரக்குள்ள அம்ஜத் படகில வெச்சே மௌத்து. எனக்கு இது." அவர் தொடையைத் தட்டினார். மரத்தைத் தட்டிய சத்தம்போல இருந்தது. "குளிக்கப் போனவன் எண்டு சொல்லச் சொன்னார். எனக்கு வேலையும் தாறன் எண்டார். நான் வாயப் பொத்தினன்."

"இப்ப?"

"நாளைக்கு வாறவருக்குக் குவளயக் காட்டி, கடல்ல கிடக்கிற மிச்சத்த எடுக்கிறதுக்குப் பேச இருந்தார். ஞாயிறு இன்சாப எறக்குவார். சங்குக்கெண்டு சொல்லி. காட்டச் சாமான் இல்லாட்டி அந்தாள் திரும்பிப் போயிடுவார்தானே." மபாஸாவைப் பார்த்தார். "சின்னச் சூட்டுக்கே உருகும் எண்டு நீங்கதான் சொன்னீங்க."

மபாஸா தலையசைத்தாள். அவள் கைவிரல் நுனிகள் குளிர்ந்திருந்தன. அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"ஸாஜிதாவக் கொண்டு போயிருந்தா?" என்றார் சியாம்.

"பொம்புளப் பொலிஸ் வந்ததும் சொல்ல இருந்தன்."

"அவர் சொல்ல வேண்டிய தேவை இல்ல" என்றாள் ஸாஜிதா. அன்று அவள் கேட்காமல் பேசிய முதற் பேச்சு. "எனக்குத் தெரியும். புகை வந்துச்சு. யன்னலால பார்த்தன். மூடி சட்டிக்குள்ள கிடந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"எனக்கு மிச்சம் ஒரு தம்பி சேர்."

இன்சாப் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். அக்காவை, பிறகு சுவரோரம் நிறுத்தியிருந்த சிலிண்டர்களைப் பார்த்தான். அம்ஜத் எப்படி இறந்தான் என்று அவனுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

சியாம் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

"முறைப்பாடு எழுதணும் முதலாளி. உங்கட சாமான அழிச்சிருக்கார். எங்க இருந்து வந்த சாமான்?"

"சொன்னேனே. வாப்பாட வாப்பா காலத்தில..."

மபாஸா பையிலிருந்து சிறிய பொலித்தீன் உறையை எடுத்து சியாமிடம் கொடுத்தாள். "கீல் இடுக்கில இருந்து நேத்து எடுத்தது. கடற்புழு கட்டுற குழல். கனகாலம் கடலுக்கடியில கிடந்தாத்தான் இது வரும்."

சியாம் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"வீட்டுச் சாமான் எண்டு எழுதினா இதுவும் வழக்குக்கு வரும். கடல்ல எடுத்தது எண்டா, யாரு எடுத்த, எண்டைக்கு எடுத்த, யாருக்கு அறிவிச்ச எண்டு எழுதணும். எத எழுத?"

ஜெமீல் தொப்பியைக் கழற்றினார். உள்புறத்தைப் பார்த்தார்.

"எழுத வேணாம்" என்றார்.

"சரி. அத நீங்க எழுத வேணாம்." சியாம் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "மத்தத நான் எழுதணும். அம்ஜத் மௌத்தான அண்டு படகில இருந்தது யாரு யாரு?"

மாலை 4.30.

கைது செய்ய வந்த பெண் பொலிஸ் குசினியில் அமர்ந்து ஸாஜிதாவின் வாக்குமூலத்தை எழுதினாள். ஜெமீல் சியாமோடு நிலையத்துக்குப் புறப்பட வேண்டியிருந்தது. இரண்டு கான்ஸ்டபிள்களும் மஸாஹிரைத் தூக்கி ஜீப்பின் பின்னால் ஏற்றினார்கள். காலுக்கு மருந்து கட்டிய பிறகு அவரும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சிலிண்டர் இரண்டையும் சியாம் ஜீப்பில் போட்டுக்கொண்டார்.

"மிஸ்" என்று மஸாஹிர் கூப்பிட்டார். "அது நல்ல சாமானா?"

"ஓம் நானா. நான் கையில எடுத்ததிலயே அதுதான் நல்லது."

அவர் அதைக் கேட்டுக்கொண்டார். ஜீப் புறப்பட்டது.

மாலை 6.10.

பாலாவிச் சந்தியில் சீமெந்து லொறிகள் வரிசையாக நின்றன. பஸ் வர நேரமிருந்தது. மபாஸா ஒரு கடையோரம் நின்று, கொழும்பில் குவளையை வாங்க இருந்தவருக்குத் தொலைபேசி எடுத்தாள். சாமான் உருகிவிட்டது என்றாள். எப்படி என்று அவர் கேட்டார். அடுப்பு என்றாள்.

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு கேட்டது.

"ஒல்லாந்தர் சாமான் தனியா வராதே மபாஸா. செட்டாத்தான் வரும். எங்கயாவது மிச்சம் இருக்கணும். கடல்ல கிடந்ததா?"

பதினோரு வருடத் தொழிலில் அவள் ஒரு பொய்க் குறிப்பு எழுதியதில்லை. நெசவின் இழைகளைக்கூட எண்ணி எழுதுகிறவள். ஒரு லொறி கடந்து போகும்வரை காத்திருந்தாள்.

"இல்ல. வீட்டுச் சாமான். ஒண்டே ஒண்டுதான் இருந்தது."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப நாளைக்கு நான் கண்டக்குழிக்கு வரத் தேவையில்லையா?"

"தேவையில்ல" என்றாள்.